காலப்பிரமாணமும் கணினிக் கட்டமும்: பாலக்காட்டு மேளத்திலிருந்து மென்பொருள் டெம்போ வரை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்தால் மாநிலம் மாறுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறிவிடுவதில்லை. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பழகிய காது செண்டைக்கும் இலைத்தாளத்துக்கும் பழகியிருக்கிறது. அதே சாலையில் பாலக்காட்டை நெருங்கும்போது எலப்புள்ளி வருகிறது. 1928இல் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த ஊர் அது. 1912இல் பிறந்து மிருதங்க வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றி எழுதிய மணி ஐயரின் பெயருக்கு முன்னால் பாலக்காடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென்னிந்திய இசையில் காலம் எவ்வாறு அளக்கப்பட்டது, யார் கையில் இருந்தது என்ற கேள்வியைத் தொடங்க இந்த எல்லைப்புறத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

இன்று அக்கேள்வி ஒரு சிறு எண்பெட்டிக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. இசைத் தயாரிப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் புதிய கோப்பு பெரும்பாலும் 120 என்ற எண்ணோடும் நான்கு அடி கொண்ட தாளக் கட்டத்தோடும் திறக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி. மிடி கோப்பு ஒன்றில் வேகம் குறிக்கப்படாவிட்டால் இயந்திரம் 120 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. உண்மையில் கோப்புக்குள் எழுதப்படுவது 120 என்ற எண்கூட அன்று. ஓர் அடிக்கு எத்தனை மைக்ரோ நொடி என்ற கணக்கே எழுதப்படுகிறது. 120க்கு அது 5,00,000. மாணவர் ஒருவர் பெட்டியில் 96 என்று மாற்றும்போது அடி ஒன்று 6,25,000 மைக்ரோ நொடியாக நீள்கிறது. வேகத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம் என்று நாம் நினைப்பதை இயந்திரம் இடைவெளியை நீட்டுவதாகவும் சுருக்குவதாகவும் புரிந்துகொள்கிறது. இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம்முடைய தாள மரபிலிருந்து வந்ததன்று. வந்து சேர்ந்தபோது சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் எதை மாற்றியது, எதை மாற்ற முடியாமல் நின்றது என்பதே ஆராயத்தக்கது.

தாள நூல்கள் காலத்தை முழுமையான அளவாக அரிதாகவே பேசுகின்றன. தொல்காப்பியம் மாத்திரையை இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் அளக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் மார்க்க தாளத்தின் மாத்திரையை ஐந்து குற்றெழுத்துகளை உச்சரிக்கும் காலம் என்கிறது. இரண்டிலும் அளவுகோல் உடல்தான். அதற்கு மேல் உள்ளவையெல்லாம் விகிதங்கள்: விளம்பத்தின் இரட்டிப்பு மத்திமம், மத்திமத்தின் இரட்டிப்பு துரிதம். எந்த வேகத்தில் தொடங்குவது என்பது பாடகரின் உரிமை; தொடங்கிய பின் அதைக் கைவிடாதிருப்பது அவருடைய கடமை. இதற்குத்தான் கர்நாடக இசையில் காலப்பிரமாணம் என்று பெயர். ‘காலப்பிரமாணம் ஓடுகிறது’ என்று ஒரு வித்துவானைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டன்று. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

ஐரோப்பாவில் அவ்வாறு கேட்கும் வழக்கம் 1815இல் மெல்ட்செல் மெட்ரோனோமுக்கு உரிமம் பெற்ற பிறகு வேரூன்றியது. ஊசல் கருவியின் அடிப்படை அமைப்பு விங்கெல் என்பவருடையது. மெல்ட்செல் அதற்கு எண் அளவுகோலைச் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டுகளில் பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். அந்த எண்கள் நம்பத்தக்கவையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

பாலக்காட்டுக்குத் திரும்பலாம். பஞ்சாரி மேளத்தைக் கேட்டவர்களுக்கு அதன் கட்டுமானம் தெரிந்திருக்கும். ஐந்து காலங்கள். முதல் காலத்தில் ஒரு தாள வட்டத்துக்கு 96 அட்சரம். அடுத்து 48, பிறகு 24, 12, இறுதியில் 6. ஒவ்வொரு காலத்துக்குள்ளும் வேகம் மெல்ல மெல்ல ஏறும். அந்தக் காலம் தாங்கும் உச்சத்தைத் தொட்டதும் மேளம் முழுவதும் அடுத்த காலத்துக்குள் இறங்கும். வட்டம் பாதியாகக் குறையும். ஏற்றம் மறுபடியும் தொடங்கும். இதை நடத்துபவர் முன்வரிசையில் நிற்கும் பிரமாணி. இலைத்தாளக்காரர்கள், கொம்புக்காரர்கள், குறுங்குழல்காரர்கள், பின்வரிசைச் செண்டைக்காரர்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் நிற்கும் மேளங்களும் உண்டு; அனைவருடைய கண்ணும் அவருடைய கையிலும் முகத்திலும் இருக்கும். காலம் மாறும் கணத்தைத் தீர்மானிப்பது ஒலி மட்டுமன்று, ஒரு தலையசைப்பும்தான். தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்ற பகுதி இரு கலைஞர்களுக்கிடையே பாதிபாதியாகச் சுருங்கும் முறையும் இதன் உறவினர்தான், அளவு சிறியதாக இருந்தாலும்.

மென்பொருளின் மொழியில் இதை எழுத முயன்றால் ஒரு சிக்கல் எழுகிறது. மென்பொருள் வேகத்தை ஒரு தடத்திலும் தாள அளவை இன்னொரு தடத்திலும் வைக்கிறது. வேகத் தடத்தில் 60இலிருந்து 90 வரை ஒரு சாய்கோடு வரையலாம். தாளத் தடத்தில் இன்ன இடத்தில் அளவு மாறுகிறது என்று குறிக்கலாம். மேளத்தில் இவை இரண்டு செயல்கள் அல்ல. வேகம் ஏறி ஏறித்தான் வட்டம் சுருங்குவதற்கு இடம் உண்டாகிறது. வட்டம் சுருங்கப்போகிறது என்பதனால்தான் வேகம் ஏறுகிறது. இரண்டு தடங்களில் பிரித்து வரைந்தால் படம் சரியாகவே இருக்கும். காரணம் காணாமல் போயிருக்கும்.

அந்த இரட்டைத் தடத்தின் ஒரு வேர் திரைப்படத்தில் இருக்கிறது. 1929இல் வெளிவந்த டிஸ்னியின் எலும்புக்கூட்டு நடனக் குறும்படத்துக்காகக் கார்ல் ஸ்டாலிங் ஒரு முறையைக் கையாண்டார்: வாத்தியக்காரர்களின் காதில் சீரான சொடுக்கொலி ஒலிக்க, அவர்கள் அதற்கு வாசிப்பது. சில ஆண்டுகளில் மாக்ஸ் ஸ்டெய்னர் இதை முழுநீளப் படத்துக்குக் கொண்டுசென்றார். இதுவே பின்னர் கிளிக் டிராக் எனப்பட்டது. அதன் அளவு நிமிடத்துக்கு இத்தனை அடி என்பதன்று. ஓர் அடிக்கு இத்தனை படச்சட்டம் என்பதே. நொடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் 12 சட்டத்துக்கு ஒரு சொடுக்கு என்றால் நிமிடத்துக்கு 120 அடி. சட்டத்தை எட்டாகப் பிரித்து நுண்ணளவும் வைத்தார்கள்; 12⅛ சட்டம் என்றால் ஏறத்தாழ 118.8. திரையில் கதவு சாத்தும் சட்டம் எது என்று தெரிந்தால் இசையின் எந்த அடி அங்கே விழ வேண்டும் என்பதைப் பேனாவாலேயே கணக்கிட்டுவிடலாம். மென்பொருளில் படத்தையும் இசையையும் ஒரே கட்டத்தில் ஒட்டும் வசதியின் முன்னோடி இந்தக் கணக்குத்தான்.

கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் தொழில் கற்ற விஸ்வநாதனின் தலைமுறைக்குத் திரைப்பாடல் என்பது வேறொரு நிகழ்வு. பாடகர், தபலா, வயலின் வரிசை, கோரஸ் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், நடத்துநரின் கையைப் பார்த்தபடி வாசித்து முடித்தால்தான் பாடல் பதிவாகும். யாராவது பிசகினால் முதலிலிருந்து. அந்தப் பதிவுகளில் பல்லவிக்கும் இரண்டாம் சரணத்துக்கும் இடையே வேகம் சற்று ஏறியிருப்பது வழக்கம். இன்றைய காதுக்கு இது குறையாகப் படலாம். அக்காலப் பதிவில் அது ஒரு சான்று: எவர் முன்னே இழுத்தார், எவர் விட்டுக்கொடுத்தார், இடையிசை முடிந்து குரல் நுழையும் இடத்தில் தபலா எவ்வளவு மூச்சுவிட்டது என்பதெல்லாம் அந்த ஏற்றத்தாழ்வுக்குள் பதிந்திருக்கிறது.

ஆனால் அச்சான்றை அளக்க முற்படும் ஆய்வாளர் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். பழைய ஊடகங்களில் வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை. நிமிடத்துக்கு 78 சுற்று என்று நாம் பெயரிட்டழைக்கும் இசைத்தட்டுகளில் தொடக்ககாலத்தவை பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் வேகம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடுகிறது. சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடுகிறது. ‘அந்தக் காலத்து வித்துவான்கள் எவ்வளவு உயர்ந்த சுருதியில், எவ்வளவு விறுவிறுப்பாகப் பாடினார்கள்’ என்ற வியப்பில் ஒரு பங்கு தட்டுச் சுழலியைச் சேர்ந்தது. தட்டின் ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடம்தான் என்பதால் உண்மையிலேயே விரைந்து பாடியவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் பிரித்தறியாமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதும் ஆய்வேடு எதையும் நிறுவாது.

தொலைக்காட்சி இன்னொரு பொறி. நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படத்தை, நொடிக்கு 25 சட்டம் காட்டும் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது பொதுவாக 25இலேயே ஓட்டிவிடுவார்கள். வேகம் நூற்றுக்கு நான்கு கூடும். சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வெள்ளிக்கிழமை இரவுகளில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்த தலைமுறை, ஒலிநாடாவில் கேட்ட அதே பாடலைத் திரையில் சற்று மெலிந்த குரலிலும் சற்று வேகமாகவும் கேட்டிருக்க வாய்ப்புண்டு. அத்தகைய நகல்களிலிருந்து எடுத்த காணொளிகள் இன்று இணையத்தில் ‘மூலப் பதிவு’ என்ற பெயரில் உலவுகின்றன. ஒரு பாடலின் வேகம் 104 என்று எழுதுமுன் அது எந்த வழியாகக் கையில் வந்தது என்று கேட்பது ஆய்வு நெறியின் பாலபாடம்.

மென்பொருள் எண்பெட்டியின் இரண்டாவது வேர் டிரம் மெஷின். 1980இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 கருவியும் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 கருவியும் வந்தன. வாசித்ததை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்துவைக்கும் குவாண்டைஸ் வசதியையும், இரட்டைப்படை அடிகளைச் சற்றுத் தள்ளிவைக்கும் ஸ்விங் வசதியையும் பரவலாக்கியவர் லின். தாளத்தைத் திருத்தும் உரிமை முதன்முறையாக வாசித்தவரின் கையை விட்டுப் போனது. இந்தியாவில் இதன் மிகத் தொடக்ககாலச் சான்று மும்பையில் கிடைக்கிறது. திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பின்னர்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் ராகம் அசைகிறது, காலம் அசைவதில்லை. விளம்பத்திலிருந்து துரிதத்துக்கு நகரும் இந்துஸ்தானி மரபின் வளர்ச்சிப்போக்கு முழுவதும் நீக்கப்பட்டு, மால்கௌன்சும் லலித்தும் ஒரே இரும்புத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. கேட்க அது கவர்ச்சியாக இருப்பதை மறுப்பதற்கில்லை.

1983இல் மிடி வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே காலத்தில் ஓட, தலைமைக் கருவி ஓர் அடிக்கு 24 துடிப்புகளை அனுப்பும். மற்றவை அவற்றை எண்ணிக்கொண்டு பின்தொடரும். 24 என்ற எண் ஏன் என்பது எளிது: இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் எட்டாலும் மீதியின்றி வகுபடும். மேற்கத்திய நடனத் தாளங்களுக்கு அதுவே போதும். நம் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. சதுஸ்ர நடைக்கு ஆறு துடிப்பு, திஸ்ர நடைக்கு எட்டு, குறையில்லை. கண்ட நடையில் ஓர் அடியை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். 24ஐ ஐந்தால் வகுத்தால் 4.8. மிஸ்ர நடைக்கு ஏழால் வகுத்தால் 3.43. துடிப்பில் பின்னம் கிடையாது. அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ள வேண்டும். 120 வேகத்தில் ஒரு துடிப்பு ஏறத்தாழ 20.8 மில்லி நொடி. ஆகவே கண்டத்தில் சில சொற்கள் எட்டு மில்லி நொடிவரையும், மிஸ்ரத்தில் ஒன்பது மில்லி நொடிவரையும் இடம் பிசகும். வேகம் குறையும்போது பிசகு இன்னும் பெருகும். தகதகிட என்ற ஐந்து சொல்லில் இரண்டு சொல் சற்று நொண்டும். கற்றுத் தேர்ந்த லயவாதியின் காது இதை விட்டுவிடாது.

கருவிகள் பின்னர் துடிப்புகளைப் பெருக்கின. 1988இன் அகாய் எம்பிசி-60 ஓர் அடியை 96ஆகப் பிரித்தது; அந்த எண்ணும் ஐந்தால் வகுபடாது, ஏழாலும் வகுபடாது. இன்று பரவலாக உள்ள 480, 960 ஆகிய பிரிப்புகளில் கண்டம் சுத்தமாக அமர்கிறது. மிஸ்ரம் இன்னும் அமரவில்லை; 480ஐ ஏழால் வகுத்தால் 68.57. ஒன்பதுக்குரிய சங்கீர்ணமும் அவ்வாறே. ஆனால் 480 பிரிப்பில் ஏற்படும் பிழை அரை மில்லி நொடிக்குள் அடங்கிவிடுவதால் காதுக்கு எட்டாது. பிழை தீர்க்கப்படவில்லை, கேட்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கப்பட்டது என்பதே துல்லியமான கூற்று.

சென்னைத் திரையிசையில் இந்தத் தொழில்நுட்பத்தின் வருகையைக் குறிக்கும் மைல்கல்லாக 1986இல் கே.பாலசந்தர் இயக்கிய ‘புன்னகை மன்னன்’ சுட்டப்படுவது வழக்கம். இளையராஜா அதில் யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார் என்பது பரவலாகப் பதிவாகியுள்ள செய்தி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இளையராஜா ஏற்கெனவே முழு வாத்தியக் குழுவுக்கும் சுரக்குறிப்பு எழுதி வாசிக்கவைத்தவர். காலத்தைத் தாளில் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் பழக்கம் அவருக்குப் புதிதன்று. கணினி அவருக்குக் கிடைத்த இன்னொரு வாத்தியக்காரர், சோர்வடையாதவர், அவ்வளவே. அடுத்த தலைமுறையில் உறவு தலைகீழானது. அக்காலத்தில் திலீப் என்ற பெயரில் விசைப்பலகைக் கலைஞராகப் பல இசையமைப்பாளர்களிடம் பணியாற்றிய ஏ.ஆர்.ரகுமான் 1989இல் தம் வீட்டோடு ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. சீக்வென்சரில் காலம் முதலில் அமைக்கப்படும். பாடகரும் புல்லாங்குழல்காரரும் தனித்தனி நாளில் வந்து அதன்மேல் தம் பங்கைப் பதித்துச் செல்வார்கள். பாடல் ஒரு நிகழ்வாக இருந்தது போய் அடுக்காக மாறியது.

இதனால் இழப்பு யாருக்கு என்பதைத் தொழில்நுட்ப வரலாறுகள் பேசாமல் கடந்துவிடுகின்றன. கூடத்தில் ஐம்பது பேர் ஒன்றாக வாசித்த இடத்தில் கிளிக் ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் வாசிக்கும் நிலை வந்தபோது வேலையிழந்தவர்களில் தாளவாத்தியக்காரர்களும் வயலின் வரிசையில் பின்னால் அமர்ந்தவர்களும் மிகுதி. அவர்களோடு ஒரு திறனும் வெளியேறியது: அடுத்தவரின் வில்லைப் பார்த்துத் தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளும் திறன். எஞ்சியவர்கள் வேறொரு திறனைக் கற்றார்கள். கிளிக்கின்மேல் சரியாக விழாமல் நூலிழை பின்னால் விழுந்து, இயந்திரத் தாளத்துக்கு உடலின் கனத்தைக் கொடுப்பது. 1990களின் பல பாடல்களில் டோலக்கும் தவிலும் செய்திருப்பது இதையே. இயந்திரம் மனிதரைக் கட்டிப்போட்டது என்ற ஒற்றைப் புலம்பல் இங்கே செல்லாது. கட்டுக்குள் நின்று கொண்டு அசைவதற்கும் ஒரு வித்தை உண்டாயிற்று.

வேகத்தையும் சுருதியையும் பிரிக்கும் கனவுக்கும் வயது உண்டு. 1966இல் பெல் ஆய்வகத்தில் பிளானகனும் கோல்டனும் முன்வைத்த ஃபேஸ் வோகோடர் முறை, ஒலியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, சுருதி மாறாமல் நீட்டவும் சுருக்கவும் வழிகாட்டியது. 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் இத்தகைய நீட்டலை அன்றாடச் செயலாக்கியது. புரோ டூல்ஸ், லாஜிக் ஆகியவை அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அதே வசதியைத் தந்தன. ஆலாபனையைக்கூட இழுத்து நீட்டலாம். இங்கே கமகம் சிக்கலை உண்டாக்குகிறது. தோடியின் காந்தாரம் அசையும் வேகம் அச்சுரத்தின் அடையாளத்தில் ஒரு பகுதி. பாடலின் வேகத்தைப் பாதியாக்கினால் பாடகர் அசைவைப் பாதியாக்குவதில்லை. அசைவின் எண்ணிக்கையைக் கூட்டுவார் அல்லது நின்று நிதானித்துப் பிறகு அசைப்பார். மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நீட்டுகிறது. சுருதி சரியாக இருக்கும், தாளம் சரியாக இருக்கும், ராகம் மட்டும் மயக்க மருந்து உண்டதுபோல் ஒலிக்கும்.

பழைய பாடல்களைப் ‘புதுப்பித்து’ வெளியிடுவோர் இதே கருவியால் 1960களின் பதிவுகளை ஒரே வேகக் கட்டத்துக்குள் இழுத்து, புதிய தாளத்தைக் கீழே விரிக்கிறார்கள். வணிக நோக்கில் அதில் தவறில்லை. ஆனால் சரணத்தில் ஏறிய அந்தச் சிறு வேகம் அழிந்துவிடுகிறது. மூல ஒலிநாடா பேணப்படாத பாடல்களில் அழிந்தது திரும்பாது. ஆவணக் காப்பகங்கள் எண்மப்படுத்தும்போது ஒலிக்கோப்போடு அது ஓடிய கருவியின் வேகத்தையும், செய்த திருத்தங்களையும் பதிந்து வைப்பது இதனாலேயே இன்றியமையாதது.

எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. 2018இல் லாஜிக் மென்பொருளில் வந்த ஒரு வசதி, கிளிக் இல்லாமல் வாசித்ததைக் கேட்டு, வேகத் தடத்தை அதற்கேற்பத் தானே வரைந்துகொள்கிறது. கட்டம் கலைஞரைப் பின்தொடர்கிறது. பிரமாணியின் தலையசைப்பைப் பின்வரிசை தொடர்வதற்கு மென்பொருள் உலகம் இதுவரை எட்டிய மிக நெருங்கிய இடம் இதுதான். ஆனால் இத்தகைய கண்டறியும் முறைகள் அனைத்துக்கும் அறியப்பட்ட ஒரு பலவீனம் உண்டு: உண்மை வேகம் 60 என்றால் 120 என்றும், 120 என்றால் 60 என்றும் மயங்கும். பொறியியல் கட்டுரைகள் இதை இரட்டிப்புப் பிழை என்று வகைப்படுத்தி, குறைக்க வழி தேடுகின்றன. பஞ்சாரி மேளத்தின் பதிவொன்றை இம்முறைக்குக் கொடுத்தால் எது பிழை என்று சொல்வது எளிதன்று. பின்வரிசைச் செண்டை அடியை எண்ணினால் ஒரு வேகம், இலைத்தாளத்தை எண்ணினால் அதில் ஒரு பங்கு, தாள வட்டத்தை எண்ணினால் அதனினும் சிறு பங்கு. 96, 48, 24, 12, 6 என்று இறங்கும் மேளத்தில் எல்லா அடுக்குகளும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகவே அமைந்திருக்கின்றன. நான்காம் காலத்தில் நின்று கேட்பவருக்கு முதல் காலத்தின் வேகம் இன்னும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பெட்டி ஓர் எண்ணைத்தான் ஏற்கும். எந்த எண்ணை இடுவது என்று மென்பொருள் கேட்கும்போது, மேளத்தை அறிந்த ஒருவர் அருகில் இருந்து எந்த அடுக்கிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.